செருப்பு வாங்குறதுக்கு முன்னாடி அம்மாவோட பாதத்தை ஒரு தடவை பாருங்க

நீங்க கேட்டது இதுதான்: அம்மாவுக்கு 67 வயசு, 9 வருஷமா சுகர் இருக்கு, காலைல கட்டில்ல இருந்து எறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால்ல ஊசி குத்துற மாதிரி வலி, கொஞ்ச நாளா சுவத்தைப் புடிச்சுப் புடிச்சு நடக்குறாங்க, போன மாசம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழப் பார்த்தாங்க, அதனால எந்த மாதிரி செருப்பு வாங்கிக் குடுக்கலாம்னு. நான் பிசியோதெரபிஸ்ட், 18 வருஷமா வயசானவங்களோட நடை, பேலன்ஸ், இதுதான் என் வேலை, அதுல பாதி நேரம் யாரோட பாதத்தையாவது மடில வச்சுட்டுதான் உக்காந்திருப்பேன். செருப்புக்கு கண்டிப்பா வர்றேன், ஆனா கடைசில. ஏன்னா நீங்க சொன்னதுல ரெண்டு தனித்தனி பிரச்சனை இருக்குன்னு எனக்குத் தோணுது. குதிகால் வலி ஒண்ணு, தடுமாற்றம் இன்னொண்ணு. வலிக்கிறதால எல்லாரும் முதல்ல குதிகாலைத்தான் பாப்பாங்க, எனக்கு பயமா இருக்கிறது வலியே இல்லாத அந்த ரெண்டாவதுதான்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். நம்ம தமிழ்ல இடுப்புக்கு கீழ எல்லாமே "கால்"தான், தொடை வலிச்சாலும் கால் வலி, முழங்கால் வலிச்சாலும் கால் வலி, சுண்டுவிரல் வலிச்சாலும் கால் வலி. டாக்டர்கிட்ட போய் "அம்மாவுக்கு கால் வலி"ன்னு சொன்னா அவர் முட்டியைத் தட்டிப் பாத்துட்டு மாத்திரை எழுதிருவார், செருப்பு கழட்டாமலேயே வெளிய வந்துருவீங்க. அதனால அம்மாவை ஒரே ஒரு விரலால வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்க. குதிகாலோட அடில உள்பக்கமா வலியா, பின்பக்கம் தசைநார் ஏறுற இடத்துலயா, விரலுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுலயா? இது தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இப்ப பேலன்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், இது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். நம்ம நிமிந்து நிக்கிறதுக்கு மூளைக்கு மூணு இடத்துல இருந்து தகவல் போகுது. ஒண்ணு கண்ணு, ரெண்டாவது காதுக்கு உள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்பு, மூணாவது உள்ளங்காலும் கணுக்காலும். உள்ளங்கால் தோல்ல அழுத்தத்தையும் அதிர்வையும் உணர்ற நரம்பு முனைகள் நிறைய இருக்கு, நீங்க சும்மா நிக்கும்போதே உடம்பு கொஞ்சம் முன்ன பின்ன ஆடிட்டுதான் இருக்கும், முன்னாடி சாய்ஞ்சா விரல் பக்கம் அழுத்தம் கூடும், அது மூளைக்குத் தெரியும், உடனே கெண்டைக்கால் இழுத்துப் புடிக்கும், இது எதுவுமே நம்ம யோசிக்காம நடக்குற வேலை. ஒரு பாதத்துல மட்டும் 26 எலும்பு, 33 மூட்டு. உடம்புல மொத்தம் 206 எலும்புன்னா அதுல 52, அதாவது நாலுல ஒரு பங்கு, ரெண்டு பாதத்துல மட்டுமே இருக்கு. ஒரு கட்டை மாதிரி இல்லாம அது வளைஞ்சு குடுத்து, தரையைத் தடவிப் பாத்து நிக்கணும்கிறதுக்குத்தான் இவ்ளோ துண்டா இருக்கு.

சுகர்ல நரம்பு பாதிச்சா இந்த மூணாவது தகவல் மெதுவா குறையும், விரல் நுனில ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும், ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி வரும். பகல்ல கண்ணு இருக்கிறதால ஆள் சமாளிச்சுருவாங்க, நல்லாத்தான் நடக்குறாங்கன்னு நமக்கும் தோணும். ராத்திரி லைட் போடாம எந்திரிக்கும்போது கண்ணோட உதவியும் போயிடுது, மூணுல ஒண்ணை மட்டும் வச்சு நிக்கணும், அப்பத்தான் தடுமாறுவாங்க. சுவத்தைப் புடிக்கிறதும் இதே கதைதான், உள்ளங்கால் குடுக்காத தகவலை உள்ளங்கை கிட்ட கேக்குறாங்க. உங்க அம்மா பாத்ரூம் போகும்போது விழப் பார்த்தாங்கன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

இது எவ்ளோ சத்தமில்லாம வரும்னு ஒண்ணு சொல்றேன். ஒரு பெரியவர், 70 தாண்டினவர், முதுகு வலின்னு என்கிட்ட வந்தார், பாதத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நடையைப் பாக்கணும் ஷூவைக் கழட்டுங்கய்யான்னு சொன்னேன், கழட்டும்போது உள்ள இருந்து ஒரு சட்டை பட்டன் கீழ விழுந்துச்சு. அவரோட உள்ளங்கால்ல அந்தப் பட்டன் அச்சு அப்படியே இருந்துச்சு, வட்டமா சிவந்து, நடுவுல நாலு ஓட்டையோட தடம் கூட தெரிஞ்சுது. காலைல இருந்து அதை மிதிச்சுட்டே நடந்திருக்கார், "ஒண்ணுமே தெரியலையேம்மா"ன்னு என்னைப் பாக்குறார். இன்னொரு நாள் அப்படியே போயிருந்தா தோல் கிழிஞ்சு புண்ணாகிருக்கும். அன்னைல இருந்து எந்த வலின்னு வந்தாலும் சுகர் இருக்கிறவங்க செருப்பைக் கழட்ட வச்சுப் பாக்காம நான் அனுப்புறதே இல்ல.

உங்க அம்மாவுக்கு இது இருக்கான்னு வீட்டுலயே ரெண்டு நிமிஷத்துல பாக்கலாம். இங்கிலாந்துல இப்ஸ்விச் ஆஸ்பத்திரில உருவாக்கின டெஸ்ட், கருவி ஒண்ணும் வேணாம், உங்க ஆள்காட்டி விரல் போதும். அம்மாவைக் கால் நீட்டி உக்கார வச்சு கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. நீங்க தொட்டது தெரிஞ்சா வலது, இடதுன்னு சொல்லச் சொல்லுங்க. வலது கால் கட்டைவிரல் நுனி, வலது சுண்டுவிரல், அப்புறம் இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், கடைசியா வலது நடுவிரல், இடது நடுவிரல், மொத்தம் ஆறு இடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு செகண்ட், மிஞ்சிப் போனா ரெண்டு செகண்ட், இறகு மாதிரி லேசா தொடணும், அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, கிச்சுகிச்சு மூட்டக்கூடாது. தெரியலைன்னா அதே விரலை மறுபடி தொட்டுப் பாக்காதீங்க, தெரியலைன்னு எழுதிக்கோங்க. ஆறுல ரெண்டு அல்லது அதுக்கு மேல தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட போயே ஆகணும், அவங்க 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழையை வச்சும் தட்டினா அதிருற ட்யூனிங் ஃபோர்க் வச்சும் சரியா பாப்பாங்க. எல்லாம் தெரிஞ்சாலும் சுகர் இருக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பாத செக்கப் வேணும். போகும்போது இன்னொண்ணும் கேளுங்க: அம்மா ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிட்டா வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு இருக்கு, அது குறைஞ்சாலும் கால் மரத்துப்போகும், தடுமாற்றம் வரும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும், சரி பண்ணவும் முடியும். நரம்பு பாதிப்புன்னா எல்லாமே சுகர்தான்னு விட்டுடக்கூடாது.

உணர்ச்சி குறைஞ்சிருந்தா தினமும் ராத்திரி பாதத்தைப் பாக்குறது பல் தேய்க்கிற மாதிரி ஆகணும். அவங்களால குனிய முடியலைன்னா தரையில ஒரு கண்ணாடி வச்சு அதுக்கு மேல பாதத்தைக் காட்டலாம், கண்ணு சரியா தெரியலைன்னா நீங்க பாருங்க. உள்ளங்கால், குதிகால் ஓரம், விரலிடுக்கு, எங்கயாவது சிவப்பு, கொப்புளம், ஈரம், கறுப்பு, புதுசா தடிப்பு இருக்கான்னு. கையால தொட்டு ஒரு பாதம் மட்டும் சூடா இருக்கான்னும் பாருங்க. செருப்பு, ஷூ எதுவா இருந்தாலும் போடுறதுக்கு முன்னாடி கையை உள்ள விட்டுத் துழாவணும். கால்ல ஊத்துற தண்ணி சூட்டை முழங்கையால பாக்கணும், பாதத்தால பாக்கக்கூடாது. ஹீட்டிங் பேட், வெந்நீர்ப் பை ரெண்டும் பாதத்துக்கு வேணாம். வெறுங்காலோட வீட்டுக்குள்ள கூட வேணாம்.

இப்ப குதிகாலுக்கு வர்றேன். காலைல முதல் அடி உயிர் போகுது, நாலஞ்சு அடி நடந்தா குறையுது, ரொம்ப நேரம் உக்காந்து எந்திரிச்சா மறுபடி குத்துதுன்னா அது பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியைட்டிஸ். குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் உள்ளங்கால்ல ஒரு தடிச்ச பட்டை ஓடுது, அது எலும்புல ஒட்டுற இடத்துல நைஞ்சு போறதுதான். எக்ஸ்ரே எடுத்துட்டு "எலும்பு வளந்திருக்கு"ன்னு சொன்னா பயந்துராதீங்க, வலியே இல்லாத நிறைய பேருக்கும் அந்த முள்ளு இருக்கும், வலிக்குக் காரணம் அந்த எலும்புதான்னு சொல்ல முடியாது. அம்மா கட்டில்ல இருந்து எறங்குறதுக்கு முன்னாடி, உக்காந்தபடியே வலிக்கிற காலை எடுத்து இன்னொரு தொடை மேல போட்டு, கையால அஞ்சு விரலையும் புடிச்சு மேல பாத்து வளைக்கணும், உள்ளங்கால்ல ஒரு கயிறு விறைக்கிற மாதிரி இன்னொரு கைக்குத் தட்டுப்படும், அப்படியே 10 செகண்ட், இந்த மாதிரி 10 தடவை. அதுக்கப்புறம்தான் தரையில கால் வைக்கணும். பகல்ல கெண்டைக்கால் ஸ்ட்ரெச், சுவத்துல ரெண்டு கையும் ஊனி, ஒரு காலைப் பின்னாடி வச்சு, குதிகால் தரையை விட்டு எழும்பாம, முட்டி மடங்காம முன்னாடி சாயணும், 30 செகண்ட், மூணு தடவை. பொறுமை வேணும், இது ரெண்டு நாள்ல போற வலி இல்ல, மாசக்கணக்குல ஆகும், ஆனா பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் கிட்டயே போகாம சரியாகிடும். ஐஸ் பாட்டிலை உருட்டச் சொல்லி நிறைய பேர் சொல்லுவாங்க, நல்லதுதான், ஆனா முதல்ல அந்த விரல் டெஸ்ட்டை முடிங்க, மரத்துப்போன கால்ல ஐஸ் வைக்கக்கூடாது.

தோலும் நகமும் சுருக்கமா. பித்தவெடிப்புன்னு பேர்தான், பித்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, தோல் காஞ்சு தடிச்சுப் போய் அதுமேல உடம்பு எடை விழும்போது பிளக்குது, அவ்வளவுதான். யூரியா கலந்த க்ரீம் நல்லா கேக்கும், சும்மா வறட்சின்னா 10 சதவீதம், தடிச்ச குதிகாலுக்கு 20-25 சதவீதம். ராத்திரி படுக்கைல உக்காந்து போடணும், போட்டுட்டு எந்திரிச்சு நடக்கக்கூடாது, க்ரீம் போட்ட காலோட வழுக்கி விழுந்தவங்களைப் பாத்திருக்கேன். விரலிடுக்குல க்ரீம் போடாதீங்க, அங்க ஈரம் நின்னா சேத்துப்புண் வரும், குளிச்சதும் ஒவ்வொரு இடுக்கா துணி விட்டுத் துடைக்கணும். நகத்தை நேரா வெட்டணும், ஓரத்தை உள்ள வளைச்சு நோண்டினா அது சதைக்குள்ள வளரும். கால் நகம் மாசத்துக்கு ஒண்ணரை மில்லிமீட்டர் கிட்டத்தான் வளரும், அதனால பூஞ்சை புடிச்ச கட்டைவிரல் நகம் முழுசா மாற ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், மருந்து வேலை செய்யலைன்னு நடுவுல விட்றாதீங்க. கால் ஆணியை பிளேடால சீவுறதோ, கடையில கிடைக்கிற ஆசிட் பிளாஸ்டர் ஒட்டுறதோ சுகர் இருக்கிறவங்க பண்ணவே கூடாது, அந்த ஆசிட்டுக்கு ஆணி எது நல்ல தோல் எதுன்னு தெரியாது.

இனி நான் அதிகமா சொல்ல ஆசைப்படுற இடம், பாதத்துக்கு எக்சர்சைஸ். கைக்கு, தோளுக்கு, முட்டிக்கு எல்லாம் பண்றோம், பாதத்தை மட்டும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடிடுறோம். 2011-ல ஆஸ்திரேலியால ஒரு ஆய்வு வந்துச்சு, பாத வலியும் விழுற அபாயமும் இருக்கிற 65 தாண்டின 305 பேர், எல்லாருக்கும் வழக்கமான பாத சிகிச்சை உண்டு, அதுல ஒரு பகுதி பேருக்கு மட்டும் கூடுதலா ஷூக்குள்ள வைக்கிற இன்சோல், சரியான காலணி, வீட்டுலயே பண்ற பாத எக்சர்சைஸ், விழாம இருக்கிறது பத்தின ஆலோசனை குடுத்தாங்க. ஒரு வருஷத்துல இவங்க விழுந்தது மத்தவங்களைவிட 36 சதவீதம் குறைவு. புதுசா ஒரு மருந்தும் கிடையாது, பாதத்தைக் கவனிச்சாங்க, அவ்வளவுதான். எனக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

அம்மாவுக்கு நான் சொல்றது நாலு. உக்காந்துட்டு, தரையில பாதம் பதிஞ்சிருக்க, கட்டைவிரலை மட்டும் தூக்கணும் மத்த நாலும் தரையில இருக்கணும், அப்புறம் கட்டைவிரல் தரையில, மத்த நாலை மட்டும் தூக்கணும். முதல் நாள் அசையவே அசையாது, அம்மா சிரிப்பாங்க, கையால தூக்கி விட்டு மூளைக்குக் காட்டிக் குடுங்க, ரெண்டு மூணு வாரத்துல தானா வரும். நடக்கும்போது கடைசியா தரையைத் தள்ளிவிடுறது அந்தக் கட்டைவிரல்தான், அதுல பலம் இல்லாதவங்க அடியைத் தேய்ச்சுத் தேய்ச்சுதான் வைப்பாங்க. ரெண்டாவது, குதிகாலைத் தரையில ஊனி பாதத்தோட முன்பக்கத்தைத் தூக்குறது, 15 தடவை, இந்தத் தசை சோர்ந்தாத்தான் விரல் நுனி தரையில இடறும். மூணாவது, கனமான மேஜையையோ சமையல் மேடையையோ புடிச்சுட்டு குதிகாலைத் தூக்கி நுனிக்கால்ல நிக்கிறது, மெதுவா ஏறி அதைவிட மெதுவா எறங்கணும், 5-ல ஆரம்பிச்சு 15 வரைக்கும்.

நாலாவது பேலன்ஸ், இது டெஸ்ட்டும்தான் பயிற்சியும்தான். சமையல் மேடைக்கு முன்னாடி நின்னு, கை அதுக்கு மேல ஒரு அங்குலத்துல இருக்கட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க. முதல்ல ரெண்டு பாதமும் ஒட்டி 10 செகண்ட். அடுத்து ஒரு பாதத்தை அரைவாசி முன்னாடி தள்ளி 10 செகண்ட். அடுத்து ஒரு குதிகால் இன்னொரு கால் விரலைத் தொடுற மாதிரி ஒரே கோட்டுல 10 செகண்ட். கடைசியா ஒத்தக்கால்ல 10 செகண்ட். அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையம் சிடிசி வயசானவங்களுக்கு சொல்ற டெஸ்ட் இது, மூணாவது நிலையில 10 செகண்ட் நிக்க முடியலைன்னா விழுற அபாயம் அதிகம்னு கணக்கு. எந்த நிலையில ஆட ஆரம்பிக்கிறாங்களோ அதுதான் அவங்களோட பயிற்சி, தினமும் அதுலயே நாலஞ்சு தடவை, சுலபமானதும் அடுத்ததுக்குப் போகலாம். கண்ணை மூடிட்டுப் பண்ணச் சொல்ற வீடியோவெல்லாம் அம்மாவுக்கு இப்ப வேண்டவே வேண்டாம். பாதத்துல புண்ணு இருந்தா இந்த நிக்கிற பயிற்சி எதுவும் ஆறுற வரைக்கும் கூடாது.

சரி, செருப்பு. சாயங்காலம் போய் வாங்குங்க, பாதம் அந்த நேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலைல சரியா இருந்தது சாயங்காலம் கடிக்கும். வயசாக ஆக வளைவு எறங்கி பாதம் நீளமும் அகலமும் ஆகுது, அதனால இருபது வருஷமா அதே சைஸ்னு சொன்னா நம்பாதீங்க, ரெண்டு பாதத்தையும் அளந்து பெரிய பாதத்துக்கு வாங்குங்க. வீட்டுல இப்ப அம்மா போடுற செருப்பையே ஒரு வெள்ளைப் பேப்பரை வச்சு பாத்துடலாம்: பேப்பர் மேல அம்மாவை நிக்க வச்சு பாதத்தைச் சுத்தி பென்சிலால வரைங்க, அந்தப் படத்து மேல செருப்பை வைங்க. கோடு வெளிய தெரிஞ்சா அந்த இடத்துலதான் தினமும் விரல் நசுங்குது, பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கமாவே இருக்கும்.

வாங்குறதுல பாக்க வேண்டியது: நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம், உள்ள விரலை அசைக்க முடியணும், குதிகாலைச் சுத்தி கெட்டியான பின்பக்கம், மேல வெல்க்ரோவோ லேஸோ இருந்து பாதத்தை இறுக்கமா புடிக்கணும், ஹீல் ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல வேணாம், அடியில வழுக்காத சோல். நடுவுல முறுக்கினா துணி மாதிரி முறுக்கக்கூடாது, விரல் மடங்குற இடத்துல மட்டும் மடங்கணும். மெத்து மெத்துன்னு பஞ்சு மாதிரி இருக்கிறதை அம்மாவுக்குப் புடிக்கும், கடையில எல்லாரும் அதைத்தான் காட்டுவாங்க, ஆனா தடுமாற்றம் இருக்கிறவங்களுக்கு ரொம்ப மெத்துன்னா ஆபத்து, ஏற்கனவே கம்மியா இருக்கிற தரைத் தகவலை அந்தப் பஞ்சு இன்னும் மறைச்சுடும். குதிகால் வலிக்கு மெத்து வேணும்னா சோல் கெட்டியா இருக்கட்டும், உள்ள குதிகால்ல மட்டும் ஒரு சிலிகான் பேட் வைங்க. பின்னாடி பட்டி இல்லாம சும்மா மாட்டுற செருப்பு வீட்டுக்குள்ள கூட வேணாம், அது கழண்டு போகாம இருக்க விரலைக் குறுக்கிக்கிட்டே நடக்கணும், வெறும் சாக்ஸோட நடக்குறது அதைவிட மோசம். புதுசை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுட்டுக் கழட்டிப் பாருங்க, அரை மணி கழிச்சும் சிவப்பு மறையாத இடம் இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க.

இதெல்லாம் இல்லாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது சிலது இருக்கு. சுகர் இருக்கிறவங்களுக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாகி வீங்கினா, வலி இல்லைன்னாலும் அன்னைக்கே போங்க, உள்ள எலும்பு நொறுங்கிட்டு இருக்கலாம், அது வரைக்கும் அந்தக் காலை ஊன விடாதீங்க. எந்தப் புண்ணும், சின்னதா இருந்தாலும், ஆறட்டும்னு வீட்டுல வச்சுப் பாக்காதீங்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது, நின்னா சரியாகுதுன்னா ரத்த ஓட்டத்தைப் பாக்கணும். ரெண்டு பாதமும் சேந்து வீங்கினா இதயம், கிட்னி, இல்ல பிரஷர் மாத்திரை, குறிப்பா அம்லோடிபின், எதுன்னு டாக்டர் சொல்லணும்.

இன்னைக்கு ராத்திரியே கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் விடிய விடிய எரியுற ஒரு சின்ன லைட் போட்ருங்க, நடுவுல கிடக்குற கால் துடைக்கிற மிதியடியை எடுத்துடுங்க. நாளைக்கு அந்த ஆறு விரல் டெஸ்ட்டையும், பேலன்ஸ்ல எந்த நிலை வரைக்கும் 10 செகண்ட் நின்னாங்கன்னும் பாத்துட்டு இங்கயே எழுதுங்க, அதை வச்சு அம்மாவுக்கு எதைக் கூட்டணும் எதைக் குறைக்கணும்னு சொல்றேன்.